ஊசியும் ஞாயிற்றுக்கிழமைக் கறியும்

2021 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. தமிழ்நாட்டின் முதல் மெகா கொரோனா தடுப்பூசி முகாம். லீவு நாளில் கூட்டம் அள்ளும் என்பது அரசு போட்ட கணக்கு. ஊர் போட்ட கணக்கு வேறு: ஊசி போட்டால் கறி ஆகாது, சரக்கும் ஆகாது. ஞாயிறும் அதுவுமாக எவன் கையை நீட்டுவான்?

கறிக்குத் தடை போட்டது எந்த டாக்டரும் இல்லை, டீக்கடை பெஞ்சுதான். அந்த பெஞ்சுக்கு மேல்முறையீடு கிடையாது. எனவே ஆறாவது முகாம், அக்டோபர் 23 அன்று, சனிக்கிழமைக்கு நகர்ந்தது. காரணத்தைச் சுகாதாரத் துறை அமைச்சரே ஒளிக்காமல் சொன்னார். கொள்ளைநோய்க்கு வளையாத ஊருக்கு அரசாங்கமே வளைந்துகொடுத்தது. (இதில் ஒரு வேடிக்கை: அதற்கு முந்தைய நான்கு முகாம்களும் புரட்டாசியில் வந்தவை. பாதி ஊர் கறிச்சட்டியைக் கவிழ்த்து வைத்திருந்த மாதம். அப்போது என்ன சாக்கு?)

எங்கள் பள்ளிக்கூட முகாமில் ஊசி போட்டதும், "அரை மணி நேரம் உட்காருங்க ஐயா" என்றார் நர்ஸ். பெரியவர் சட்டைக்கையை இறக்கிவிட்டபடி குனிந்து, ரகசியமாகக் கேட்டார்: "ஏம்மா, முட்டை கறியில சேருமா?"