ரீல் மாற்றும் நேரம்

டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்தவராக நீங்கள் இருந்தால், ரீல் தீர்ந்து விளக்கு எரியும் அந்தச் சில நிமிடங்கள் நினைவிருக்கும். ஒரே ஒரு புரொஜக்டர்தான். ஆபரேட்டர் ஓடி முடிந்த ரீலைக் கழற்றி அடுத்ததை மாட்டுவதற்குள் முறுக்கும் சோடாவும் வந்து போகும். பக்கத்தில் இருப்பவரிடம் இனி என்ன ஆகும் என்று கேட்கலாம், அவர் முந்தின நாளே பார்த்தவராக இருந்தால் பதில் சொல்லாமல் சிரிப்பார். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அப்படிப் படம் பார்த்து வளர்ந்த நான், 1986இல் மத்திய அரசில் எல்.டி.சி. என்ற எழுத்தர் வேலை கிடைத்து டெல்லிக்கு வந்து, கரோல்பாக்கில் மூன்று பேரோடு ஒரு மொட்டைமாடி பர்சாத்தியில் தங்கி, அலுவலக நண்பர் ஒருவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோன ஒரு திரைப்படச் சங்கத்தின் சிறிய அரங்கில் ஹங்கேரியப் படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, முக்கால் மணி நேரத்தில் ரீல் தீர்ந்து சட்டென்று விளக்கு எரிந்தது. ஊருக்கே திரும்பிவிட்டதுபோல இருந்தது எனக்கு.

அந்த வெளிச்சத்தில்தான் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்தேன். ரயில்வே போர்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஸ்ரீரங்கத்துக்காரர், மப்ளரைத் தலையோடு சேர்த்துக் கட்டியிருந்தார். கையில் காகிதப் பொட்டலத்தில் சூடான வேர்க்கடலை. நான் தமிழன் என்பதை எப்படிக் கண்டுபிடித்தாரோ, பொட்டலத்தை நீட்டி, "எடுத்துக்கோங்க தம்பி, குளிருக்கு நல்லது. அந்தப் பாட்டி எதுக்காகக் கடிதாசியைப் பிரிக்கவே இல்லைன்னு நினைக்கறீங்க?" என்றார். வாழ்க்கையில் முதன்முறையாக, ஒரு படத்தில் என்ன நடந்தது என்று இல்லாமல், ஏன் நடந்தது என்று என்னிடம் ஒருவர் கேட்டார். பதில் சொல்வதற்குள் விளக்கு அணைந்தது. மீதிப் படம் முழுவதும் அந்தக் கடிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படி ஆரம்பித்தது எனக்கும் டெல்லிக்கும் உள்ள சிநேகம். அன்றைக்குச் சங்கங்களுக்குப் படப்பெட்டிகள் இரண்டு வழியாக வரும். ஒன்று, பி.கே. நாயர் கண்ணுக்குள் வைத்துக் காத்த புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம். இன்னொன்று, தூதரகங்களும் அவற்றின் பண்பாட்டு மையங்களும். ஜன்பத்தில் ஹங்கேரி, பிரோஸ்ஷா சாலையில் ரஷ்யா, கஸ்தூர்பா காந்தி மார்க்கில் ஜெர்மனி என்று பஸ் சீட்டு விலையில் உலகத்தைச் சுற்றி வரலாம். சங்கத்தின் ஆண்டுச் சந்தாவைக் கட்ட ஒரு மாதம் மதியச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டேன். அந்த உறுப்பினர் அட்டை, அலுவலக அடையாள அட்டையைவிட எனக்கு மதிப்பானதாக இருந்தது.

இந்தச் சங்கங்களுக்கு ஒரு பூர்வகதை உண்டு. 1952இல் நம் நாட்டின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கி, சென்னை, டெல்லி, கல்கத்தா என்று நகர்ந்து போனபோது, இத்தாலிய, ஜப்பானியப் படங்களைப் பார்த்து ஒரு தலைமுறையே தூக்கம் இழந்தது. ஐம்பதுகளின் நடுவில் மேரி சீட்டன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி படங்களை எப்படிப் பார்ப்பது என்று இங்கே ஊர் ஊராகப் போய் உரையாற்றினார். 1959இல் கல்கத்தா, டெல்லி, சென்னை, பம்பாய், பாட்னா, ரூர்க்கி ஆகிய ஊர்களின் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து கூட்டமைப்பை உருவாக்கின. சத்யஜித் ராய் அதன் தலைவர், இந்திரா காந்தியும் ஒரு சமயம் துணைத்தலைவர்களில் ஒருவராக இருந்தார். டெல்லித் தமிழர்களுக்குத் தனியாகப் பெருமைப்பட்டுக்கொள்ளவும் ஒரு காரணம் இருந்தது. ஜான் ஆபிரகாமின் 'அக்கிரகாரத்தில் கழுதை' 1977இல் வந்து, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றதே, அதற்குத் திரைக்கதை எழுதிய வெங்கட் சாமிநாதன் இதே டெல்லியில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். ரீல் மாறும்போது ஸ்ரீரங்கத்துக்காரர் இதைச் சொல்லிவிட்டு, "கோப்பு எழுதற கைதான் தம்பி அதையும் எழுதித்து" என்பார். மறுநாள் காலையில் கோப்பைத் திறக்கும்போது என் கை எனக்கே கொஞ்சம் புதிதாகத் தெரியும்.

இயக்குநர்களை நேரில் பார்த்தது ஜனவரி விழாக்களில்தான். அப்போதெல்லாம் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் டெல்லிக்கு வரும் சர்வதேசத் திரைப்பட விழாவில் 1987இல் முதல்முறையாகக் கலந்துகொண்டேன். சிரி ஃபோர்ட் அரங்க வாசலில் காலை எட்டு மணிக்கு மூடுபனிக்குள் வரிசை நிற்கும். தலை தெரியாது, பேச்சு மட்டும் கேட்கும். தணிக்கை இல்லாத படம் என்பதற்காகவே வந்தவர்கள் அந்த வரிசையில் பாதிப்பேர், அதை அவர்களே ஒளிக்காமல் சொல்வார்கள். ஆனால் எதையோ தேடி வந்த இடத்தில் தார்க்கோவ்ஸ்கியின் படத்தில் மாட்டிக்கொண்டு, மறுநாள் அதே இயக்குநரின் பெயரை விசாரித்துக்கொண்டு வந்த கனாட் பிளேஸ் கடைக்காரர் ஒருவரையும் நான் அறிவேன். கலை யாரை எந்த வாசல் வழியாக உள்ளே கூப்பிடும் என்று யார் சொல்ல முடியும்?

அங்கே 'ஓப்பன் ஃபோரம்' நடக்கும். பெரிய பெரிய இயக்குநர்கள் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நான் முதல் நாள் இரவே கேள்வியைத் தமிழில் எழுதி, அதை ஆங்கிலத்தில் மாற்றி, இலக்கணப் பிழை பார்த்து, சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு போவேன். கேட்டதே இல்லை. பெரிய பள்ளிகளில் படித்தவர்களின் ஆங்கிலம் வழுக்கிக்கொண்டு ஓடும் அந்த அறையில், தமிழ் வழியில் படித்த என் நாக்கு எழவில்லை. காகிதத்தை மடித்தபடியே திரும்பக் கொண்டுவருவேன். பெட்டியில் அப்படி இருபது காகிதங்களாவது சேர்ந்தன. ஒருமுறை, நான் மிகவும் மதித்த மலையாள இயக்குநர் ஒருவர் டீக்கடையில் எனக்குப் பக்கத்திலேயே நின்று டீ குடித்தார். கேள்வி பையில் இருந்தது. அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், நானும் தலையசைத்தேன். இருவரும் கண்ணாடித் தம்ளரை உள்ளங்கைகளில் உருட்டிக் குளிர்காய்ந்தபடி அந்த டீ தீரும்வரை நின்றிருந்தோம். அவ்வளவுதான் அன்றைய கேள்வி-பதில். இன்னும் அந்தத் தம்ளரின் சூடு உள்ளங்கையில் இருக்கிறது.

உண்மையான கேள்வி-பதில் எல்லாம் எனக்கு அந்த மப்ளர்காரரோடுதான் நடந்தது. முதலில் பார்த்த ஹங்கேரியப் படத்தின் கடைசிக் காட்சியில், பாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அவளுக்குப் பின்னால் இருக்கும் ஜன்னல் திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்று எங்களுக்குள் ஒரு வழக்கு. மூடியிருந்தால் அவள் மகனை மறந்துவிட்டாள், திறந்திருந்தால் இன்னும் காத்திருக்கிறாள். மூடியிருந்தது என்பது என் கட்சி, திறந்திருந்தது என்பது அவர் கட்சி. அந்தப் படப்பெட்டி மறுபடி வரவே இல்லை. ஆறு வருடம், எந்தப் படத்தில் ரீல் மாறினாலும் அவர் வேர்க்கடலையை நீட்டிக்கொண்டே, "நேத்து ராத்திரி யோசிச்சேன், திறந்துதான் இருந்தது" என்று ஆரம்பிப்பார். மண்டி ஹவுஸ் பஸ் நிறுத்தத்தில் கடைசி பஸ் வரும்வரை அந்த ஜன்னல் மூடும், திறக்கும். 1993இல் ஸ்ரீரங்கத்துக்கே திரும்பிப் போனார். ரயில் நகரும்போதும் ஜன்னல் கம்பியைத் தட்டி, "திறந்திருக்கு பாருங்க" என்று சிரித்தார்.

அதற்குப் பிறகு ஊர் மாறிக்கொண்டே போனது. 1997இல் சாகேத்தில் நாட்டின் முதல் மல்டிபிளெக்ஸ் வந்தது. சாணக்யபுரியின் சாணக்யா திரையரங்கு 2007 டிசம்பரோடு மூடப்பட்டது. 1932இலிருந்து கனாட் பிளேஸின் மூலையில் நின்ற ரீகல், 2017 மார்ச்சில் ராஜ் கபூரின் இரண்டு படங்களைக் கடைசியாகக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தியது. சர்வதேச விழா 2004இல் கோவாவுக்கே நிரந்தரமாகப் போனபோது, கல்யாணமான பெண் புகுந்த வீடு போனதுபோல டெல்லிக்காரர்கள் சில நாள் வெறிச்சென்று திரிந்தோம். ஆசியப் படங்களுக்காக அருணா வாசுதேவ் 1999இல் தொடங்கிய சினிஃபேன் விழா அந்தக் குறையைப் பல வருடம் ஆற்றியது. பிறகு அதுவும் நின்றது.

ஆனால் இழந்ததை மட்டும் சொன்னால் நான் நன்றி கெட்டவன் ஆவேன். லோதி சாலையில் ஹாபிடாட் சென்டரின் ஸ்டைன் அரங்கிலும், பக்கத்தில் இந்தியா இன்டர்நேஷனல் சென்டரிலும் ஆவணப்படங்களுக்கு ஒரு புதுக் காலம் பிறந்தது. படம் முடிந்ததும் இயக்குநர் மேடைக்கு வந்து நிற்பது விழாக்கால அதிசயமாக இல்லாமல் வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆனந்த் பட்வர்தன் தன் படங்களைத் தானே ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டி, அங்கேயே நின்று பேசுபவர். பதினான்கு வருடம் எடுத்த அவருடைய 'ஜெய் பீம் காம்ரேட்' மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதற்குப் பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் நானும் ஒருவன். இன்று மைக் இந்தியில் கேட்பவரிடமும் போகிறது, தயங்கித் தயங்கிப் பேசுபவரை மற்றவர்கள் காத்திருந்து கேட்கிறார்கள். எண்பதுகளில் படம் முடிந்தவுடன் கடைசி பஸ்ஸுக்காக ஓடிப்போன பெண்கள், கலந்துரையாடலில் இருந்ததே இல்லை. 2002இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ, மெல்ல மெல்ல ஊரெல்லாம் பரவி, அவர்களை இருக்கையில் உட்காரவைத்தது. அவர்கள் கேட்கும் கேள்விகளைக் கேட்கும்போது, எத்தனை வருடம் பாதி அரங்கின் குரல் இல்லாமலே நாங்கள் சினிமா பேசினோம் என்று மனம் கனக்கிறது.

குறைந்து போனது நேரம். இன்று படம் ஒரு ஹார்ட் டிஸ்கில் வருகிறது, சாவி போட்டதும் முதலிலிருந்து கடைசிவரை மூச்சுவிடாமல் ஓடுகிறது. நடுவில் வெளிச்சம் இல்லை, பக்கத்தில் இருப்பவர் முகம் தெரிவதில்லை. பேச்சு முழுவதும் கடைசி இருபது நிமிடத்தில் அடைக்கப்பட்டு, அடுத்த காட்சிக்கு அரங்கைக் காலிசெய்ய வேண்டும் என்ற அறிவிப்போடு முடிகிறது. 2020இல் கொரோனா வந்து எல்லாம் திரைக்குள் போனபோது, மயூர் விஹார் வீட்டில் இருந்தபடி ஒரு இயக்குநரிடம் தட்டச்சு செய்து கேள்வி கேட்டேன். முப்பத்து நான்கு வருடத்தில் என் முதல் கேள்வி. பெயர் சொல்லி அழைத்து அழகாகப் பதில் சொன்னார். சந்தோஷமாக இருந்தது. சன்னலை மூடியதும் என் முகம் கறுப்புத் திரையில் தெரிந்தது. கூட நடந்து வர யாருமில்லை.

அந்த நாட்களில்தான் இணையத்தில் அந்த ஹங்கேரியப் படம் கிடைத்தது. கடைசிக் காட்சிக்கு வந்து, விரலால் தொட்டு நிறுத்தினேன். பாட்டி இருக்கிறாள், நாற்காலி இருக்கிறது. ஜன்னல் இல்லை. சுவரில் ஒரு சாய்வான வெளிச்சமும், எங்கேயோ திரைச்சீலை அசையும் நிழலும் மட்டும். ஆறு வருடம் நாங்கள் மூடியும் திறந்தும் விளையாடிய ஜன்னலை நாங்களேதான் செய்திருந்தோம், ரீல் மாறும் வெளிச்சத்தில். உடனே அவரிடம் சொல்ல வேண்டும் என்று கை தொலைபேசிக்குப் போனது. அவர் காலமாகிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

சென்ற குளிர்காலத்தில் ஒரு தமிழ்ப் படம் பார்க்கப் போனேன். முடிந்ததும் இளம் இயக்குநர் மேடைக்கு வந்தார். கேள்வி இந்தியில் வந்தது, அவருக்குத் தமிழ்தான் வரும். மொழிபெயர்க்க யாராவது உண்டா என்று கேட்டார்கள். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை, எழுந்துவிட்டேன். படத்தில் தாய் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது சொல்லும் ஒரே வசனம் "போயிட்டு வரேன்". ஆங்கிலச் சப்டைட்டிலில் போகிறேன் என்று மட்டும் இருந்தது. போகிறேன் என்று சொல்லவே சொல்லாத ஒரு மொழியில், திரும்பி வரப்போகாதவள்கூட வருகிறேன் என்றுதான் சொல்லியாக வேண்டும் என்பதை அவர் சொல்ல, நான் இந்தியில் சொன்னேன். அரங்கு ஒரு கணம் அமைதியானது. அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

வெளியே வந்தபோது ஒரு பெண் பின்னாலேயே வந்தாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. "அங்கிள், கடைசில அந்த அம்மா தெருமுனையில திரும்பிப் பார்த்தாங்களா? நான் பார்த்த மாதிரி இருந்தது, என் ஃப்ரெண்ட் இல்லவே இல்லைங்கறா" என்றாள். இரண்டு மாதத்தில் படம் வீட்டுத் திரைக்கே வந்துவிடும், நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கலாம்.

வாசலில் தள்ளுவண்டிக்காரர் மண்சட்டியில் தணல் வைத்து வேர்க்கடலையைச் சூடாக வைத்திருந்தார். ஒரு பொட்டலம் வாங்கி அவளிடம் நீட்டினேன்.

"எடுத்துக்கோம்மா, குளிருக்கு நல்லது. திரும்பிப் பார்த்திருந்தா என்ன அர்த்தம்னு நினைக்கறே?"

மெட்ரோ நிலையம்வரை நடந்தோம்.