பாதிவழி மாமா

அடி அண்ணாமலையில் வீடு கட்டியவர்கள் யாரும் சத்திரம் நடத்தக் கட்டவில்லை. ஆனாலும் சத்திரமாகிவிட்டன; ஊர் இருக்கிற இடம் அப்படி. திருவண்ணாமலை கிரிவலப் பாதை மொத்தம் 14 கிலோமீட்டர். ராஜகோபுரத்தில் கற்பூரம் ஏற்றிவிட்டுக் கிளம்புகிறவருக்கு வழியில் வரும் அக்னி லிங்கம் வரை உற்சாகம், எம லிங்கம் வரை ஊர்க்கதை. நிருதி லிங்கத்தில் திரும்பும்போது பேச்சு குறையும். வருண லிங்கம் தாண்டும்போது வெறுங்காலில் குத்துகிற ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். சரியாக அந்த இடத்தில், மலைக்கு மேற்கே, அடி அண்ணாமலை வருகிறது. முன்னால் போனாலும் பாதி தூரம், திரும்பிப் போனாலும் பாதி தூரம். பௌர்ணமி இரவில் பாதையில் ஆட்டோவும் விட மாட்டார்கள். இந்த நிலைமையில் மனிதனுக்குக் கடவுளுக்கு முன்பாகச் சொந்தக்காரர் ஞாபகம் வந்துவிடுகிறது.

அந்தச் சொந்தக்காரர்தான் பாதிவழி மாமா. தெருவுக்கு ஒருவராவது இருப்பார். போக்குவரத்துக் கழகத்திலோ மின்வாரியத்திலோ இருந்து ஓய்வு பெற்றிருப்பார். ஒன்றரை ஏக்கர் மல்லாட்டை, இரண்டு மாடு, மாடியில் வாடகைக்கு ஒரு அறை. பௌர்ணமியன்று சாயங்காலமே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். போன் அடிக்கும்.

“மாமா, நாங்க நடந்துனு இருக்கோம்.”

“எத்தினி பேரு?”

“நாலு பேருதான் மாமா.”

நாலு என்பது கிளம்பும்போது இருந்த எண்ணிக்கை. வேனில் இடம் இருந்ததால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏறியிருப்பார்கள். அவர்களோடு அவர்கள் மைத்துனர் ஏறியிருப்பார். வாசலுக்கு வந்து சேரும்போது பதினொரு பேர். மாமா எண்ண மாட்டார். எண்ணுவது அத்தையின் வேலை.

அத்தையின் கடிகாரத்தில் மணி கிடையாது, லிங்கங்கள்தான். ராஜகோபுரத்திலிருந்து போன் வந்தால் அசைய மாட்டார்; கிளம்புகிறவர்கள் வளையல் கடையிலேயே ஒரு மணி நேரம் நிற்பார்கள் என்பது அவர் கணக்கு. அக்னி லிங்கம் என்றால் தேங்காய் மூடியைத் தேடுவார். எம லிங்கம் என்றால் சட்னி அரைபடும். நிருதி லிங்கம் என்றால் இட்லிப் பானை அடுப்பில் ஏறும். வருண லிங்கத்திலிருந்து போன் செய்தால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். அது போன் செய்கிற இடமில்லை, கதவைத் தட்டுகிற இடம்.

வந்தவர்கள் முதலில் கேட்பது பாத்ரூம் எங்கே என்று. அடுத்தது சார்ஜர். மூன்றாவதாகத்தான் மாமாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்கிற விசாரணை. பாத்ரூம் வாசலில் வரிசை நீளும்போது மாமா எழுந்து நின்று, கைக்குழந்தைக்காரர்களுக்குச் சிறப்பு தரிசனம் என்று அறிவிப்பார். இந்த நகைச்சுவையை ஒவ்வொரு பௌர்ணமிக்கும் சொல்கிறார். கூட்டம் மாதாமாதம் மாறுவதால் ஒவ்வொரு முறையும் சிரிப்பு கிடைக்கிறது. அத்தை மட்டும் சிரிப்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது.

பிறகு உப்புப் போட்ட வெந்நீர், தைலம், அவித்த மல்லாட்டை. யாராவது ஒருவர், பெரும்பாலும் மருமகன் முறை உள்ளவர், காலைத் தேய்த்தபடியே மெதுவாக ஆரம்பிப்பார்: “மாமா, ஊருக்குள்ள ஏதோ குறுக்கு வழி இருக்குதாமே, பைக்ல...”

மாமாவின் முகம் தீர்ப்பு சொல்கிற முகமாகிவிடும். “இருக்குது. ஆனா பாதியில விட்டா புண்ணியமும் பாதின்னு நினைக்காத மாப்ள. முதல்லருந்து நடக்கணும்.” இது எந்தப் புராணத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. மருமகன் எழுந்து நடந்துவிடுவார். இவ்வளவு சொல்கிற மாமா கடைசியாகப் பௌர்ணமிக்குக் கிரிவலம் போனது எப்போது என்று கேட்டால், “நான் போயிட்டா வர்றவங்கள யாரு பாக்கறது?” என்பார். நியாயமான பதில்தான். ஆனால் பௌர்ணமி இல்லாத மற்ற நாட்களுக்கும் இதே பதிலைத்தான் வைத்திருக்கிறார்.

எனக்குத் தெரிந்த ஒரு மாமா வீட்டில் நடந்தது இது. ஒரு குடும்பம் வந்தது. கால் கழுவியது, சாப்பிட்டது, குழந்தையைத் தூங்கவைத்தது. கிளம்பும்போது அந்த வீட்டு அம்மாள் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, “சித்தியைக் கடைசி வரைக்கும் பாக்கவே இல்லியே, தூங்கிட்டாங்களா?” என்றார். அந்த வீட்டில் சித்தி என்று யாரும் இல்லை. சித்தி வீடு இரண்டு வீடு தள்ளி. வந்தவர்களுக்கு முகமே செத்துவிட்டது. அத்தை அலட்டிக்கொள்ளவில்லை. “அங்க போயிருந்தாலும் இதே இட்லிதான். மாவு அவங்க வீட்டுதுதான்” என்றார்.

அது உண்மை. பௌர்ணமி இரவில் அந்தத் தெருவில் எந்த மாவு எந்த வீட்டுடையது என்று கண்டுபிடிக்கத் தனியாக ஒரு விசாரணைக் கமிஷன் வைக்க வேண்டும். இங்கே மாவு தீர்ந்தால் அங்கே, அங்கே பாய் போதாவிட்டால் இங்கே. மாடியில் குடியிருக்கிற வெள்ளைக்கார அம்மா தியானத்துக்காகத்தான் இந்த ஊருக்கு வந்தார். இப்போது சட்னிக்குத் தாளிக்கிறார். விருந்தாளிகள் யார், யாருக்கு என்ன முறை என்பதெல்லாம் மாமாவைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

விருந்தாளி விஷயத்தில் அத்தைக்கு ஒரே ஒரு பயம்தான்: வந்தவர் திரும்பிப் போகாமல் இருந்துவிட்டால்? இந்த ஊரில் அதற்கு முன்னுதாரணம் உண்டு. 1896 செப்டம்பர் 1-ம் தேதி மதுரையிலிருந்து வேங்கடராமன் என்கிற பதினாறு வயதுப் பையன் வந்து இறங்கினார். 1950-ல் மறையும் வரை இந்த மலையை விட்டு நகரவேயில்லை. ரமண மகரிஷி ஆகிவிட்டார். மாமாவின் ஒன்றுவிட்ட தம்பி இரண்டு வாரம் தங்கினால் அத்தைக்கு இந்த வரலாறு ஞாபகம் வருவதைத் தப்பு சொல்ல முடியாது. அதுவும் அந்தத் தம்பிக்கு ஞானம் வருகிற அறிகுறி எதுவும் இல்லாதபோது.

இதெல்லாம் சாதாரண மாதத்தின் கதை. ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால்தான் மாமாவுக்கு உண்மையான பருவம். ஐப்பசிப் பௌர்ணமிக்குச் சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம். அடுத்து கார்த்திகை, பத்து நாள் தீபத் திருவிழா. தெருக்காரர்கள் சேர்ந்து அன்னதானம் போடுவார்கள். வசூல் நோட்டு மாமா கையில் இருக்கும். உணவுப் பாதுகாப்புத் துறையில் அனுமதி வாங்க வேண்டும், பிளாஸ்டிக் கூடாது என்றெல்லாம் அவர் தெருவுக்கு வகுப்பெடுப்பார். சாம்பார் சாதத்தில் உப்பு போதுமா என்கிற பிரச்சினை மட்டும் ஒவ்வொரு வருஷமும் தெருவை இரண்டு கட்சியாக உடைக்கும். முதல் தொன்னை நீட்டப்பட்டதும் கட்சிகள் கலைந்துவிடும்.

நகரத்துப் பிள்ளைகளுக்கு அவர் மாவளி கட்டக் கற்றுக்கொடுப்பதைப் பார்க்க வேண்டும். ஆண் பனையின் பூவைக் காயவைத்து, குழியில் போட்டு எரித்து, சாம்பலாகிவிடாமல் மண்ணைப் போட்டு மூடிக் கரியாக்க வேண்டும். அதை இடித்துத் தூளாக்கிப் பழைய வேட்டித் துணியில் சுருட்டி, பிளந்த பனை மட்டைக்கு நடுவில் இறுக்கி, கயிறு கட்ட வேண்டும். நெருப்பு வைத்துச் சுழற்றினால் தலைக்கு மேலே பொறிகள் வட்டமாகக் கொட்டும். சுருட்டிப் பழகுவதற்குள் நிறையத் துணி வீணாகும். அது யாருடைய வேட்டி என்கிற கேள்வி கடைசியில்தான் எழும். சென்னையிலிருந்து வந்த பையன் இருட்டில் சுற்றிச் சுற்றி, கையெல்லாம் கரியாகி, ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வர மறுப்பான். அவன் அம்மா வந்ததிலிருந்து தேடிக்கொண்டிருக்கும் போன் அவன் பையில்தான் இருக்கும், தொடப்படாமல்.

தீபத்தன்று மாலை மொத்தத் தெருவும் மொட்டை மாடியில். அகலில் எண்ணெய் ஊற்றி, திரி போட்டுத் தயாராக வைத்திருப்பார்கள். 2668 அடி உயரத்தில் மலைமேல் கொப்பரையில் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டு விளக்கு. அங்கே ஏற்றுவது பர்வதராஜ குலத்தாரின் உரிமை. கொப்பரைக்கு ஆயிரக்கணக்கான கிலோ நெய் போகிறது, தீபம் 11 நாள் எரியும். இதையெல்லாம் மாமா சொல்லிக்கொண்டே இருப்பார், யாரும் கேட்காவிட்டாலும். ஆறு மணி நெருங்கும்போது உச்சியை மேகம் மூடும். மருமகன் போனில் நேரலை பார்ப்பார். திடீரென்று தெரு முழுக்க அரோகரா. மருமகன், “இன்னும் ஏத்தல மாமா” என்பார். “உன் போன்ல ஏத்தல. மலையில எரியுது, தலைய நிமிர்த்திப் பாரு.”

2024-ல் மட்டும் போன்கள் வேறு காரணத்துக்கு வந்தன. டிசம்பர் 1-ம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவில் மண் சரிந்து, வ.உ.சி. நகரில் ஏழு பேர் இறந்துபோனார்கள். அந்த இரவும் அடுத்த நாளும் பாதிவழி மாமாக்களின் போன்கள் ஓயவில்லை. வருவதாகச் சொல்ல அல்ல, பத்திரமா என்று கேட்க. மாவளிக்காரர்கள், பாத்ரூம் வரிசைக்காரர்கள், இரண்டு வீடு தள்ளிப் போயிருக்க வேண்டிய அந்தக் குடும்பம் உள்பட. டிசம்பர் 13-ம் தேதி தீபம் ஏற்றினார்கள். பக்தர்களை மலையேற விடவில்லை.

தீபம் முடிந்து ஒரு நாள், தை மாதம் திருவூடலுக்கு மறுபடி ஒரு நாள், அண்ணாமலையாரே கிரிவலம் வருகிறார். தையில் வருவது அம்மனோடு ஊடல் ஆன பிறகு. மாமாவுக்கு இதில் பெருமை தாங்காது. “சாமியே பொண்டாட்டிகிட்ட சண்ட போட்டா நம்ம வழியாத்தான் வர்றாரு, பாத்தியா?” அத்தை அடுப்படியிலிருந்தே பதில் சொல்வார்: “அவருக்குச் சண்ட போட்டா போறதுக்கு ஒரு வழி இருக்குது. நீ எங்க போவ? நீ இருக்கறதே அந்த வழியில.”

அடுத்த பௌர்ணமிக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எத்தனை பேர் என்பதை ஏறின பிறகு எண்ணிச் சொல்லுங்கள். போனை நிருதி லிங்கத்துக்குள் செய்துவிடுங்கள். வருண லிங்கத்திலிருந்து செய்தால் மாமா வாங்க வாங்க என்றுதான் சொல்வார், அவரை நம்பாதீர்கள்.