உலக முடிவுக்குக் கோச்சியில்

ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிற சனத்தில் முக்கால்வாசிப்பேர் நுவரெலியாவில் வேன் பிடித்துத்தான் போவார்கள். விடியப்புறம் நாலு மணிக்கே விடுதி வாசலில் ஹோர்ன் கேட்கும். ஏறினதும் நித்திரை. பூங்கா வாசலில் முழித்து, "வந்திட்டுதா?" என்று கேட்டு இறங்குவார்கள். இதற்குப் பெயர் இயற்கையை ரசித்தல்.

நானும் மச்சானும் கொழும்புக் கோட்டையில் இரவு மெயில் ஏறினோம். "ஒஹியவில இறங்கி ஒரு சின்ன நடை" என்றுதான் அவனிடம் சொல்லியிருந்தேன். அந்தச் சின்ன நடை 11 கிலோமீற்றர் ஏற்றம் என்பதை நாவலப்பிட்டி தாண்டும்வரை சொல்லவில்லை. நடுச்சாமத்தில் இறங்கித் திரும்பிப் போக அவனுக்கு வழியில்லை.

வியர்த்து விறுவிறுத்துக் கோட்டையில் ஏறின சனம், ஹட்டன் வரும்போது சுவெட்டரும் குரங்குத் தொப்பியுமாக உருமாறியிருந்தது. மச்சான் குளிக்கக் கொண்டுவந்த துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டான். நாட்டிலேயே உயரத்தில் இருக்கும் ஸ்டேஷனான பட்டிப்பொலையைத் தாண்டினதும், பாதையின் உச்சம் 6226 அடி என்று ஒரு பலகை நிற்கும். அவனைத் தட்டி எழுப்பினேன்.

"ஒண்டும் தெரியேல்லையே."

"தெரியாது. ஆனா இருக்கு."

பட்டிப்பொலையில் இறங்கியும் நடக்கலாம். ஆனால் வேன்கள் எல்லாம் புகை விட்டுக்கொண்டு வருவது அந்த வழியால்தான். ஒஹியப் பாதையில் ஒரேயொரு வில்லங்கம்: உச்சியைத் தொட்ட கோச்சி, சுரங்கத்துக்குள் புகுந்து, 400 அடி போலக் கீழே கொண்டுபோய் இறக்கிவிட்டு, இனி நீயே ஏறு என்கிறது.

ஸ்டேஷனுக்கு வெளியே தோட்டத்துப் பெரியவர் ஒருவர் எங்கள் பைகளையும் சப்பாத்துகளையும் பார்த்தார். "நடந்தா போறீங்க? ஏன் தம்பி, காசு கொறவா இருக்கா?"

"இவருக்குக் காசு குறைவில்லை ஐயா. மற்றதுதான் குறைவு" என்றான் மச்சான்.

உள்ளதைச் சொன்னால், பூங்கா என்றால் எனக்கு அந்தப் பாதைதான். தேயிலை முடிந்து காடு தொடங்கும். மேலே போகப் போக மரங்கள் குள்ளமாகி, முறுகி, பாசி தொங்க நிற்கும். கண்ணில் படாத ஒரு குரங்கு எங்களைப் பற்றி யாருக்கோ முறைப்பாடு செய்துகொண்டிருந்தது. மச்சானும் அதையேதான் செய்தான், இன்னும் சத்தமாக.

உள்ளே நடை தொடங்கும் இடத்தில் பையைச் சோதிப்பார்கள். பொலித்தீன் எதுவும் போகக்கூடாது. தண்ணிப் போத்தலின் லேபிளை உரித்தார்கள். பிஸ்கட் உறையைக் கிழித்துக் கடதாசிப் பையில் கொட்டித் தந்தார்கள். மச்சானின் இடியப்பப் பார்சலில் இருந்த லஞ்ச் சீட்டும் போயிற்று. சட்டம் நல்லதுதான். கடதாசியில் ஊறின சம்பல் என் மாற்றுச் சேட்டில் இறங்கினது வேறு விசயம்.

இந்தச் சமவெளிக்குப் பெயர் கொடுத்த ரொபர்ட் வில்மட் ஹோர்ட்டன் 1831 முதல் 1837 வரை இலங்கையின் தேசாதிபதி. அவருடைய மனைவியை லண்டனில் ஒரு விருந்தில் கறுப்பு உடையில் கண்டுதான் கவிஞர் பைரன் தன் புகழ்பெற்ற கவிதை ஒன்றை எழுதினார். மனைவிக்குக் கவிதை, புருசனுக்குப் பனியும் புல்லும். சாமுவேல் பேக்கருக்கோ இங்கே தன் பெயரில் ஒரு நீர்வீழ்ச்சியே கிடைத்தது. அவர் இந்த மலைகளில் நாய்களை ஏவி மரை வேட்டையாடினவர். இப்போது மரைகள் வாகனத் தரிப்பிடத்தில் நின்று, வருகிறவர்களின் பைகளை மோந்து பார்க்கின்றன. வேட்டை நாய்க்குத் தப்பின வம்சத்தைப் பிஸ்கட் பிடித்துவிட்டது.

சமவெளி சட்டென்று முடிகிற விளிம்புக்குத்தான் உலக முடிவு என்று பெயர்; அங்கே 800 மீற்றருக்கு மேல் செங்குத்துப் பள்ளம். பத்து மணிக்கெல்லாம் கீழே இருந்து முகில் ஏறி அதை மூடிவிடும். வேன்காரர் பார்த்து முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர, விளிம்புக்கு அப்பால் வெள்ளையடித்த சுவர் மாதிரி முகில். ஒரு வெள்ளைக்காரப் பெடியன் கமராவோடு வந்து, பள்ளம் எங்கே என்று சைகையால் கேட்டான்.

மச்சான் அவன் தோளில் கை போட்டான். "தெரியாது தம்பி. ஆனா இருக்கு."

திரும்பி வாசலுக்கு வரும்போது ஒரு வேன் சாரதி, ஒஹியப் பக்கம் போகிறேன், வாறீங்களா என்று கண்ணாடியை இறக்கினார். நடக்கிறதன் அருமையை அவருக்கு விளக்கத் தொடங்கினேன். முதல் வசனம் முடியவில்லை, மச்சான் முன்சீட்டில் ஏறி பெல்ட்டும் போட்டுவிட்டான்.