இயல்பாகச் சிரிங்க, பெரியப்பா!

தீபாவளிக் காலையில் கிள்ளான் வீடுகளில் முதல் பந்தி கைபேசிக்குத்தான். எண்ணெய்க் குளியல் முடிந்து, தெங்கு கிளானா சாலையில் எடுத்த ஒரே நிறத் துணியில் பாட்டி முதல் பேரன் வரை சீருடைப் படையாக நிற்பார்கள். தோசையும் ஆட்டுக்கறிப் பிரட்டலும் மேசையில் ஆறும்.

"யாரும் கை வைக்காதீங்க! பெரியப்பா, இயல்பா சிரிங்க!"

சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குக் காத்திருப்பவரின் இயல்பு சிரிப்பா என்ன?

பிலிம் காலத்தில் சுருளுக்கு 36 படம். கண்ணை மூடியவர் ஆல்பத்தில் ஆயுளுக்கும் தூங்குவார், யாரும் எழுப்ப மாட்டார்கள். இப்போதோ எல்லாக் கண்ணும் திறக்கும்வரை சோறு கிடையாது.

அது முடிந்தால் பிரிக்பீல்ட்ஸ் பயணம். அங்கே 2015இல் இந்தியப் பிரதமர் மோடியும் அப்போதைய மலேசியப் பிரதமர் நஜிப்பும் சேர்ந்து திறந்துவைத்த தோரண வாயில், சாஞ்சி ஸ்தூபியின் வாயிலைப் பார்த்துக் கட்டியது. அத்தைக்கு அது சேலை நிறத்துக்கு எடுப்பான பின்னணி, அவ்வளவுதான்.

திறந்த இல்ல உபசரிப்புக்கு வரும் மலாய், சீன நண்பர்கள் கொடுத்துவைத்தவர்கள். குடும்பப் படமென்று அவர்களை யாரும் வரிசையில் நிறுத்துவதில்லை. நேரே தட்டை எடுக்கிறார்கள். நாங்கள் பத்தாவது 'கடைசிப் படம்' முடித்துத் திரும்பும்போது, கோழி ரெண்டாங் சட்டியில் கரண்டி மட்டும் இருக்கும்.