உதட்டுப் புண்ணுக்கு உத்தம வைத்தியம்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டக் காற்றில் உதடு வெடித்தால் கவலை வேண்டாம். ஊதா மருந்தைப் பூசினால் போதும். டவுனில் காசு கொடுத்து வாங்கும் லிப்ஸ்டிக் நிறம் இலவசம். கடைவாய்ப் புண்ணுக்கு இரும்புச்சத்தும் பி2 விட்டமினும் குறைவதும் காரணமாம். பால், முட்டை, ஈரல் சாப்பிட வேண்டுமாம். அருமையான யோசனை! தோட்டத் தொழிலாளர் 2015இல் கேட்ட ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் 2021இல் வந்துவிடவில்லையா? முட்டையும் வரும்.

ரொட்டியோடு சாயத்தண்ணி குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராதாம். கொழுந்து பறிப்பவருக்குத் தேயிலையே ஆகாது! இந்த விஞ்ஞானம் தோட்ட நிர்வாகங்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அதனால்தான் நல்ல தேயிலையை எல்லாம் கொழும்பு ஏலத்துக்கு அனுப்பிவிட்டு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வெறும் தூளை விட்டுவைத்தார்கள். வெடித்த உதடுகள் சில அதைக் கஞ்சத்தனம் என்கின்றன.