பஞ்சமமும் பெயர்ப் பொருத்தமும்

கேள்வி: சங்கீதமும் எண்களை நம்புகிறது, நியூமராலஜியும் எண்களை நம்புகிறது. இரண்டுக்கும் என்னதான் வித்தியாசம்?

பதில்: வீணைத் தந்தியைப் பாதியாகக் குறுக்கினால் மேல் ஸட்ஜமம், மூன்றில் இரண்டு பங்காக்கினால் பஞ்சமம். ஸட்ஜமத்தோடு அதன் அதிர்வெண் விகிதம் 3:2. எந்த எண்முறையில் எழுதினாலும் அது மாறாது. தந்திக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

கறாரான கணக்கு என்பதால் சங்கடமும் உண்டு. பஞ்சமத்தை 12 முறை அடுக்கினால் அதிர்வெண் சுமார் 129.75 மடங்கு, கிட்டத்தட்ட அதே உயரத்துக்கு 7 ஸ்தாயி ஏறினாலோ 128 மடங்குதான். இந்த உபரியைப் பன்னிரண்டு சுரங்களுக்கும் பங்கிடவே கீபோர்டில் பஞ்சமம் 1.5 அல்ல, 1.4983. நியூமராலஜியில் இந்த வம்பே இல்லை. கணக்கு உதைத்தால் பெயரில் ஓர் எழுத்தைச் சேர்த்துவிடலாம்.

நியூமராலஜியின் இலக்கக் கூட்டல், 9-ஆல் வகுத்து மீதி பார்ப்பதுதான் (மீதியில்லை என்றால் 9). அதுவும் பத்தடிமான முறைக்கு மட்டும். 27-ஐக் கூட்டினால் 9. எட்டடிமானத்தில் அதே எண் 33, கூட்டினால் 6. பழைய தமிழ் எண்ணுருவில் அது ௨௰௭, அதாவது 2, 10, 7, கூட்டினால் 19. அந்த 19-ஐ ௰௯ என்று எழுதி மறுபடி கூட்டினாலும் 19தான். 27-ஆம் தேதி பிறந்தவர் அந்த வழியில் ஒற்றை இலக்கத்தை எட்டவே முடியாது.