நன்றியுரை

பெரியோர்களே, தாய்மார்களே, கைப்பேசியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருக்கும் தம்பிமார்களே! வரவேற்புரைக்கு ஆள் கிடைக்கும். தலைமையுரைக்கு அடிதடியே நடக்கும். நன்றியுரைக்கு மட்டும் ஆள் சிக்காது; அதற்குள் பந்தி போட்டுவிட்டார்கள் என்று பாதிக் கூட்டம் எழுந்து போயிருக்கும். நெய்வேலிக்கு அப்படி ஒரு நன்றியுரை பாக்கி கிடக்கிறது. 2020 பிப்ரவரியில் ஒரு நடிகர் நெய்வேலிக்கு நன்றி என்று ஆங்கிலத்தில் ஒற்றை வரியில் முடித்துக்கொண்டார். விட்டுப்போன பெயர்களை நான் சேர்த்துவிடுகிறேன்.

முதல் மாலை வருமான வரித் துறைக்கு. அந்த நடிகரின் ‘பிகில்’ படத்தின் கணக்கு வழக்கெல்லாம் சென்னையில். கதாநாயகன் வீடும் சென்னையில். ஆனாலும் பிப்ரவரி 5 அன்று நீங்கள் என்.எல்.சி. நிலக்கரிச் சுரங்கத்துக்கே வந்து, ‘மாஸ்டர்’ படப்பிடிப்பிலிருந்து விஜயை அழைத்துக்கொண்டு போனீர்கள். அந்த நொடியிலிருந்து தமிழ்நாட்டுக்கு வேறு சேதியே இல்லாமல் போனது. கார் கிளம்பியது செய்தி. கார் போய்க்கொண்டிருப்பது செய்தி. கார் இன்னும் போய்ச் சேரவில்லை என்பது முக்கியச் செய்தி. நெய்வேலி என்று ஒரு ஊர் இருப்பதே அன்றைக்குத்தான் பல தொலைக்காட்சிகளுக்கு உறைத்தது. ஸ்டுடியோவில் எரியும் விளக்குக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று எந்தத் தொகுப்பாளரும் அதற்கு முன் யோசித்திருக்க மாட்டார், பாவம்.

இரண்டாவது மாலை பாரதிய ஜனதா நண்பர்களுக்கு. பாதுகாக்கப்பட்ட சுரங்கத்தில் சினிமா எடுக்கலாமா என்று வாசலில் கொடி பிடித்தீர்களே! நியாயமான கேள்வி. நிலத்தைக் கொடுத்துவிட்டுப் போன குடியானவனிடம், அவன் கொல்லை இருந்த இடத்தை எட்டிப் பார்க்கவும் அனுமதிச் சீட்டு கேட்கிற இடம் அது. ஆனால் உங்கள் புண்ணியத்தில், அதுவரை சும்மா இருந்த பையன்களும் வண்டியை முறுக்கிக்கொண்டு சுரங்க வாசலுக்கு வந்துவிட்டார்கள். தலைவனுக்கு ஒன்றென்றால் விடுவார்களா?

வந்தார்கள். ஆயிரக்கணக்கில் வந்தார்கள். ஒரு மாலை நேரம் விஜய் வேன் கூரைமீது ஏறினார், கையசைத்தார், கூட்டத்தைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்து ஒரு செல்ஃபி எடுத்தார். மறுநாள் அது ட்விட்டரில் ஏறியது. ஒரு லட்சம் பேருக்கு மேல் அதை மறுபகிர்வு செய்தார்கள். இந்தியாவில் அந்த ஆண்டு அதிகம் மறுபகிர்வான பதிவு அதுதான் என்று ட்விட்டர் நிறுவனமே டிசம்பரில் அறிவித்தது. எந்த ஆண்டில் என்று கவனியுங்கள்: கொரோனாவில் ஊரே அடங்கி, ஜனங்கள் ரயில் பாதையில் நடந்து ஊர் திரும்பிய 2020இல்.

அந்தப் படத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு முகம் தெளிவாக இருக்கிறது. மற்றதெல்லாம் தலை. மந்தாரக்குப்பத்துப் பையனும் இந்திரா நகர்ப் பையனும் அதைப் பெரிதாக்கி, “மச்சான், இதுதான்டா நான்” என்று ஒரு புள்ளியைக் காட்டுவான். காட்டட்டும், அவனை நான் குறை சொல்லவில்லை. ஊருக்கடியில் இருப்பதையெல்லாம் வெட்டி எடுத்த யாரும் அவனை அதுவரை ஒரு புள்ளியாகக்கூட மதித்ததில்லை. 2022இல் என்.எல்.சி. பொறியாளர் பயிற்சிப் பணிக்கு 299 பேரை ‘கேட்’ தேர்வு மதிப்பெண் வைத்து எடுக்கப்போனபோது அதில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளே இல்லை என்று கட்சிகள் குரல் எழுப்பின. வேலைப் பட்டியலில் பெயர் வராதவனுக்கு செல்ஃபியில் தலையாவது வந்ததே!

இனி, செல்ஃபி எடுத்த அதே 2020இல் அதே நெய்வேலியில் நடந்த இன்னொரு காட்சி. இதற்கு டிக்கெட் இல்லை, டீசரும் இல்லை. மே 7: இரண்டாவது அனல் மின் நிலையத்தில் பாய்லர் வெடித்தது. எட்டுப் பேர் வெந்தார்கள், சில பேர் ஆஸ்பத்திரியில் செத்தார்கள். இனி உஷாராக இருப்பார்கள் என்று நினைத்தீர்களா? ஜூலை 1: அதே மின் நிலையம், பக்கத்து யூனிட். ஆறு பேர் அன்றே போனார்கள். அடுத்த இரண்டு வாரங்களில் ஒவ்வொருவராக, எண்ணிக்கை பத்தைத் தாண்டியது. செத்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் அதிகம். அதாவது, நிரந்தரமில்லாத வேலைக்கு நிரந்தரமாகப் போனவர்கள். பசுமைத் தீர்ப்பாயம் 5 கோடி ரூபாய் இடைக்கால அபராதம் போட்டது. தொலைக்காட்சியில் இரண்டு நாள் ஓடியது. எந்த வேன் கூரையிலும் யாரும் ஏறவில்லை. பிப்ரவரியில் சுரங்க வாசலில் நின்ற பையன்களில் சிலருடைய அப்பனோ சித்தப்பனோ மாமனோ அந்த யூனிட்டுகளில் வேலை பார்த்திருப்பான். செத்தவர்களின் பெயர்களை எத்தனை பேர் மறுபகிர்வு செய்தார்கள் என்று ட்விட்டர் அறிவிக்கவில்லை.

‘மாஸ்டர்’ 2021 பொங்கலுக்கு வந்தது. கதை என்ன தெரியுமா? சீர்திருத்தப் பள்ளியில் இருக்கும் பையன்களை ஒரு தாதா தன் குற்றங்களுக்குப் பலிகடாவாக்குகிறான். வாத்தியார் வந்து மீட்கிறார். பெரியவர்கள் தங்கள் லாபத்துக்குப் பிள்ளைகளைப் பயன்படுத்துவது பாவம் என்கிற உயர்ந்த கருத்து. கொள்ளைநோய் அடங்காத நேரத்தில் அந்தக் கருத்தை நேரில் கேட்க, தியேட்டர் இருக்கை நூற்றுக்கு நூறும் நிரம்பட்டும் என்று எடப்பாடி அரசு ஆணையே போட்டது. மத்திய அரசு கண்ணை உருட்டிய பிறகுதான் அது பாதியானது. பிள்ளைகளைக் காப்பாற்றுவது எப்படி என்று சொல்லித்தர, பிள்ளைகளின் நுரையீரலைக் கொஞ்சம் கடன் கேட்டார்கள். அவ்வளவுதான்.

இந்த இடத்தில் டவுன்ஷிப் பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமுவார். “இந்தக் காலத்துப் பசங்க சினிமாவும் செல்லுமா கெட்டுப் போயிட்டாங்க சார். எங்க காலத்துல...” ஐயா, உட்காருங்கள். உங்கள் காலத்தைத் தெரியும். 1967 தேர்தலில், கழுத்தில் கட்டுப்போட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த எம்.ஜி.ஆர். படத்தைச் சுவரொட்டியாக ஒட்டினார்கள். அவர் தொகுதிப் பக்கமே போகாமல் பரங்கிமலையில் ஜெயித்தார். அந்தச் சுவரொட்டியைப் பார்த்து அழுதவர்கள் நீங்கள். பேரன் திரையைத் தேய்க்கிறான், நீங்கள் சுவரைப் பார்த்தீர்கள். ஜூலை மாதப் புத்தகக் கண்காட்சிக்குப் பேரனை அழைத்துப்போய் டெல்லி அப்பளம் மட்டும் வாங்கிக் கொடுத்துத் திரும்பியதும் நீங்கள்தான்.

கேமரா நெய்வேலிக்கு மறுபடி வந்தது. 2023 ஜூலை 26 அன்று வளையமாதேவியில் கதிர்விடும் நெல்லின்மேல் பொக்லைன் இறங்கியது, சுரங்கத்துக்காக வாய்க்கால் வெட்ட. இரண்டு நாள் கழித்து பா.ம.க. முற்றுகை, கல் பறந்தது, கண்ணீர்ப்புகை பறந்தது. பிறகு விவாதமெல்லாம் கல்லைப் பற்றி. முதல் கல்லை யார் எறிந்தது என்று நான்கு பேர் நான்கு சதுரத்தில் உட்கார்ந்து கத்தினார்கள். முதல் பொக்லைனை யார் அனுப்பியது என்று கேட்க விளம்பர இடைவேளை விடவில்லை.

வேன் கூரை மட்டும் வளர்ந்துகொண்டே போனது. 2024இல் அது விஜயின் கட்சியானது. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில், அவர் வண்டி எப்போது வரும் என்று மணிக்கணக்கில் காத்துக் கிடந்த கூட்டத்தில் 41 பேர் நசுங்கிச் செத்தார்கள். குழந்தைகளும் உண்டு. போலீஸின் குற்றமா, கட்சியின் குற்றமா என்று விசாரணை சொல்லட்டும். ஆனால் ஒரு முகத்தைக் கிட்டத்தில் பார்க்க உயிரைக் கொடுக்கலாம் என்று அந்தப் பிள்ளைகளுக்கு ஐம்பது அறுபது வருடமாகப் பாடம் நடத்தியவர்களை எந்த ஆணையமும் கூண்டில் ஏற்றப்போவதில்லை. அவர்கள்தான் அன்றிரவு ஆஸ்பத்திரி வாசலில் மைக் நீட்டிக்கொண்டு, “இப்ப எப்படி உணர்றீங்கம்மா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியாக, என்.எல்.சி. நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். பாய்லரைப் பராமரிக்கச் செலவு அதிகம் என்பீர்கள், புரிகிறது. அதை விடுங்கள். ஒவ்வொரு யூனிட் கூரையிலும் ஒரு கதாநாயகனை ஷிப்டு முறையில் நிற்க வையுங்கள், ஒப்பந்த அடிப்படையில் வேண்டாம், அவருக்கு மட்டுமாவது நிரந்தரம் கொடுங்கள். அதற்குப் பிறகு அங்கே ஒரு போல்ட் தளர்ந்தால் போதும். நாடே நேரலையில் பார்க்கும், நாடாளுமன்றம் ஒத்திவைக்கப்படும், அமைச்சர் விமானத்தில் பறந்து வருவார். கீழே நிற்கிற தொழிலாளியும் போனால் போகிறதென்று தப்பித்துக்கொள்வான்.